நாற்பத்தோரு பக்கத்துக்கு நாலு மார்க்

உட்காருங்கள் அக்கா, தாராளமாக உட்காருங்கள். அது என் பைதான், எடுத்துவிடுகிறேன். ஜன்னல் ஓரம் வேண்டுமா? எனக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். நான் வெளியே வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை, பேசுகிற ஆள். என்ன, ஏதோ கேட்க வந்தீர்களே? பஸ்ஸை எப்போது எடுப்பார்கள் என்றா? டிரைவர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். தம்ளரைக் கீழே வைத்ததும் எடுத்துவிடுவார்.

மடியில் இருக்கிற இந்தக் காகிதக் கட்டையா பார்க்கிறீர்கள்? நாற்பத்தோரு பக்கம். நான் எழுதியது. இதைத் தூக்கிக்கொண்டு ஜெயிலுக்குப் போகிறேன், ஒரு மனிதரோடு சண்டை போட. பயப்படாதீர்கள், நல்ல மனிதர். இரண்டு கொலை செய்தவர்.

பார்த்தீர்களா, இதுதான். ‘நல்ல மனிதர்’ என்றதும் தலையாட்டினீர்கள். ‘இரண்டு கொலை’ என்றதும் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். சங்கையா என்று ஒருவர், தூக்குத் தண்டனைக் கைதி, அவர் வழக்கில் வேலை பார்க்கிறேன் என்று சொன்ன அன்றைக்கு அம்மா ரசத்தில் உப்பே போடவில்லை. அப்பா மட்டும், “தூக்குன்னு கோர்ட்டே சொன்னப்புறம் ஒனக்கு அங்க என்ன சோலி?” என்று கேட்டார். உங்களுக்கும் அதே சந்தேகம் இருக்கும். சொல்லித் தீர்த்துவிடுகிறேன். என் பேர் பியூலா. சட்டக் கல்லூரி, நாலாம் வருஷம். பியூலாவோடு பேச உட்காருமுன் சாப்பிட்டுவிட்டு வா என்று கல்லூரியில் சொல்வார்கள். பொறாமை.

இந்த பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணியில் கிளம்புகிறது. மாட்டுத்தாவணிதான் செஷன்ஸ் கோர்ட் என்று வையுங்கள். அங்கே ஒரு நீதிபதி, ஒரே ஒரு நீதிபதி, தூக்கு என்று எழுதிவிட்டார். உடனே தூக்கிவிட முடியுமா? முடியாது. பஸ் திருமங்கலத்தில் நின்றே ஆக வேண்டும். திருமங்கலம் ஹைகோர்ட். ஏற ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கைதி அப்பீல் போட்டாலும் போடாவிட்டாலும் நிற்க வேண்டும். கீழ்கோர்ட்டே தன் தீர்ப்பையும் வழக்குக் கட்டுகளையும் மேலே அனுப்பி, இதை உறுதி செய்து தாருங்கள் என்று கேட்க வேண்டும். அங்கே இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து ஒவ்வொரு சாட்சியாக முதலிலிருந்து பார்ப்பார்கள். ஒருவர் தூக்கு என்றும் மற்றவர் வேண்டாம் என்றும் சொன்னால் மூன்றாவதாக ஒரு நீதிபதி. அவர்கள் உறுதி செய்கிற வரைக்கும் அந்தத் தூக்கு வெறும் காகிதம்.

அடுத்தது விருதுநகர், அதாவது சுப்ரீம் கோர்ட். அங்கே நாமாகக் கை காட்டினால்தான் நிற்கும். நின்றும் பலன் இல்லையென்றால் சாத்தூர். தீர்ப்புச் சொன்ன அந்தக் கோர்ட்டிடமே திரும்பப் போய், ஐயா, இன்னொரு தடவை பாருங்கள் என்பது. அதற்குச் சீராய்வு என்று பேர். மற்ற வழக்குகளில் அதை நீதிபதிகள் தங்கள் அறைக்குள்ளேயே பார்த்து முடித்துவிடுவார்கள். தூக்கு வழக்கில் மட்டும் கோர்ட்டைத் திறந்துவைத்து, வக்கீலைப் பேசவிட்டுக் கேட்க வேண்டும். அதற்கும் பிறகு கோவில்பட்டி, கருணை மனு. முதலில் கவர்னர், பிறகு ஜனாதிபதி. அவர்கள் வருஷக்கணக்கில் பதிலே சொல்லாமல் உட்கார வைத்தால், உட்கார வைத்ததையே ஒரு காரணமாகச் சொல்லித் திரும்பவும் கோர்ட்டுக்குப் போகலாம்.

முன் சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்க்கிறார். ஐயா, நிஜ விருதுநகரில் நிற்கும், நீங்கள் கை காட்ட வேண்டாம்.

சங்கையாவுக்கு நாற்பது வயது. செங்கல் சூளை வேலை, அரை ஏக்கர் நிலம், ஐந்தாவது வரைக்கும் படிப்பு. பங்காளிகளுக்குள் கிணற்றுத் தண்ணீர் முறைத் தகராறு. அண்ணன் தம்பி இரண்டு பேரை வெட்டிவிட்டார். செய்தாரா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை. அவரே நடந்துபோய் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துவிட்டார். சரி. ஆனால் தூக்கு கொடுக்க வேண்டுமென்றால் அரிதிலும் அரிதான வழக்காக இருக்க வேண்டும். இந்த ஆள் இனிமேல் திருந்தவே மாட்டான் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். எப்படிக் காட்டினார்கள் தெரியுமா? குற்றவாளி என்று சொன்ன அன்றே, அரை மணி நேரத்தில், தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு “ஒண்ணுமில்லீங்க” என்றார். வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். ஒண்ணுமில்லீங்க என்றால் வருத்தம் இல்லை என்று அர்த்தமா? நம் ஊரில் உடம்பு நெருப்பாகக் கொதித்தாலும் டாக்டரிடம் ஒண்ணுமில்லீங்க என்றுதானே ஆரம்பிக்கிறோம்?

அவர் அப்பீலும் போடவில்லை. திருமங்கலத்தில் கை காட்டவே இல்லை. ஆனாலும் பஸ் நின்றது. அதைத்தான் சொல்கிறேன்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசே வக்கீல் தரும் இல்லையா, அப்படி இந்த வழக்கு ஷாகுல் சாரிடம் வந்தது. நான் அப்போது அவர் ஆபீஸில் பயிற்சி. ஷாகுல் சார் வறுத்த கடலை மென்றுகொண்டே கட்டுப் படிப்பார். எதைச் சொன்னாலும் ‘ம்’ என்பார். அந்த ‘ம்’முக்குச் சரி என்றும் அர்த்தம் உண்டு, போய் வேலையைப் பார் என்றும் அர்த்தம் உண்டு. நான் இரண்டு மாதம் உட்கார்ந்து, மரண தண்டனை என்பதே ஏன் இருக்கக் கூடாது என்று இந்த நாற்பத்தோரு பக்கத்தை எழுதினேன். தமிழில். “ஹைகோர்ட்ல இங்கிலீஷ்ம்மா” என்றார். அது தனிச் சண்டை, அதற்கு இன்னொரு பஸ் வேண்டும். மொழிபெயர்த்துத் தருகிறேன் சார், படித்தாவது பாருங்கள் என்றேன். ‘ம்’ என்றார். படித்துவிட்டு, இந்த வழக்குக்கு இரண்டு பத்தி எடுத்துக்கலாம் என்றார். நாற்பத்தோரு பக்கத்தில் இரண்டு பத்தி!

எனக்குக் கொடுத்த வேலை வேறு. அந்த ஜெயிலில் இருந்து மாதத்துக்கு நாலைந்து மனு எங்கள் ஆபீஸுக்கு வரும். ஒருவருக்கு ஜாமீன், ஒருவருக்கு அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பரோல், ஒருவருக்குப் பல். ஆட்கள் வேறு வேறு, கையெழுத்து ஒன்றே. எல்லா மனுவும் ‘ஐயா’ என்று முடியும். அந்த ‘யா’வின் கடைசிக் கால் பூனை வால் மாதிரி வளைந்து காகிதத்தின் ஓரம் வரைக்கும் போகும். ஜெயிலில் இதற்கென்று ஒரு குமாஸ்தா இருக்கிறார், மாதா மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படி எழுதுகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. இதையெல்லாம் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்?

முதலில் வந்த மனு இன்றைக்கும் மனப்பாடம். ‘வானத்துச் சூரியனைப் போல் ஒளி வீசி ஏழை எளியவர்களைக் காத்துவரும் கனம் ஐயா அவர்கள் சமூகத்துக்கு’ என்று ஆரம்பித்து முக்கால் பக்கம் சூரியன். அப்புறம் சந்திரன். கடைசி வரியில், ‘பல்லும் வலிக்கிறது ஐயா.’

சிவப்புப் பேனாவை எடுத்தேன். ‘சூரியனுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? என்ன வேண்டும் என்பதை முதல் வரியில் எழுதவும். யாருக்கு, எந்தப் பல், எத்தனை நாளாக? 1/10.’ ஒரு நகல் எடுத்து அதில் இதை எழுதி, பதில் உறைக்குள் வைத்து, ‘எழுதியவர் கவனத்துக்கு’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். அக்கா, நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

அடுத்த வாரம் சூரியன் பாதியாகக் குறைந்திருந்தது. ‘இது மனுவா, கல்யாணப் பத்திரிகையா? 2/10’ என்று எழுதினேன். அதற்கடுத்த வாரம் மூலையில் பென்சிலால் பொடியாக ஒரு வரி: ‘சூரியனை எடுத்தாச்சு டீச்சர்.’ எனக்கு வந்ததே கோபம். நான் டீச்சரா? வக்கீல் ஆகப் போகிறவள். அதையும் சிவப்பிலேயே எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில், ‘ஆகட்டும் டீச்சர்.’

இப்படிப் பதினாலு மாதம். அறுபத்துநாலு மனு. மூன்று மார்க்கில் ரொம்ப நாள் நின்றார். ஐந்துக்கு வந்தார். ஏழு கொடுத்தது ஒரே ஒரு தடவை. ‘மூன்று நாள் விடுப்பு வேண்டும். என் மகள் பள்ளி ஆண்டு விழாவில் ஆடுகிறாள். அவளுக்கு வயது ஆறு. என்னைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது ஐயா.’ அவ்வளவுதான், யாரோ ஒரு கைதிக்காக எழுதியது. எட்டே போட்டிருப்பேன். விழா தேதியைப் போடவில்லை, அதனால் ஏழு.

என்ன அக்கா, ஏதோ சொல்ல வருகிறீர்கள். இதை முடித்துவிடுகிறேனே, நடுவில் விட்டால் எனக்குத் தொடர்ச்சி போய்விடும். சாத்தூர் வெள்ளரிக்காய் வேண்டுமா? வேண்டாமா? சரி.

தூக்கை உறுதி செய்வதற்கு முன்னால் இந்த ஆள் யார், எப்படி வளர்ந்தவர், உள்ளே எப்படி இருக்கிறார் என்று ஹைகோர்ட் கேட்கும். கேட்டது. வந்த படிவத்தில் நடத்தைக்கு ஒரு வரி இடம்தான் இருந்தது. ‘நடத்தை திருப்தி’ என்று வந்தது. இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு கழுத்தைக் காப்பாற்ற முடியுமா? ஷாகுல் சாரே நேரில் போய்ப் பேசுவதாக இருந்தது. அந்த வாரம் பார்த்து அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். “நீ போயிட்டு வா பியூலா. அவர் பேசறத எழுதிட்டு வா” என்றார்.

நாற்பது நிமிஷம் கொடுத்தார்கள். அதில் முப்பத்தைந்து நிமிஷம் நான் என் நாற்பத்தோரு பக்கத்தையும் அவருக்கு விளக்கினேன். வாழ்வுரிமை, சமத்துவம், எந்தெந்த நாடு தூக்கை எப்போது நிறுத்தியது, எல்லாம். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பென்சில். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லையே என்று எனக்கு மனத்தாங்கல். நோட்டைப் பார்த்தால், அவர் பேசியது என்று எழுத ஒரு வரியும் இல்லை. மணியாகிவிட்டது. வந்து பார்த்ததற்கு அடையாளமாக இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு காகிதத்தை நீட்டினேன். போட்டார். சங்கையா. அந்த ‘யா’வின் கால் வளைந்து, வளைந்து, காகிதத்தின் ஓரம் வரைக்கும் போனது.

“பல்லும் வலிக்கிறது ஐயா… அது நீங்களா?” என்றேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். “டீச்சரா?”

அக்கா, சம்பளம் வாங்குகிற குமாஸ்தா என்று நினைத்துத் திட்டினேனே, இதை எழுதினவர் தூக்குக் கைதி. ஐந்தாவது வரைக்கும் படித்தவர். படிக்கத் தெரியாத மற்றவர்களுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் போட்ட சிவப்புக் காகிதங்கள் அத்தனையையும் சணலால் தைத்து வைத்திருக்கிறாராம். புதிதாக ஒருவர் மனு எழுதச் சொல்லி வந்தால் முதலில் அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்காருவாராம்.

மிச்சம் ஐந்து நிமிஷம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. “எல்லாருக்கும் எழுதுறீங்க. உங்களுக்குன்னு ஏன் ஒண்ணுகூட எழுதல?”

“எழுதிப் பாத்தேன் டீச்சர்,” என்றார். “என்ன வேணும்ங்கிறத மொத வரியில போடணும்னு நீங்க எழுதியிருந்தீங்க. ரெண்டு பேரு போயிட்டாங்க. நான் என்ன வேணும்னு கேக்க? மொத வரி வரல. மடிச்சு வச்சுட்டேன்.”

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அப்படியெல்லாம் கட்டாயம் இல்ல, ரெண்டாவது வரியிலயும் கேக்கலாம்” என்றேன். என்ன பேச்சு அது! ஒரு மனிதர் அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லும்போது சொல்கிற பதிலா அது? ஆனால் அவர் சட்டைப்பையில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

ஆபீஸுக்கு வந்து சொன்னதும் ஷாகுல் சார் கடலை மெல்லுவதை நிறுத்தினார். நான் பார்த்து முதல் தடவை. அறுபத்துநாலு மனுவையும், ஜெயிலில் இருந்து வாங்கின சிவப்புக் காகிதங்களையும் வரிசையாக அடுக்கி, தேதி போட்டு, இங்கிலீஷில் மொழிபெயர்த்துக் கோர்ட்டில் கொடுத்தார். சார், அதில் நான் திட்டியிருக்கிறேன் சார், அதை மட்டும் எடுத்துவிடலாமே என்று கெஞ்சினேன். ‘ம்’ என்றார். எடுக்கவில்லை.

விசாரணை அன்றைக்கு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அரசு வக்கீல் நன்றாகத்தான் பேசினார், பொய் சொல்லக் கூடாது. இரண்டு உயிர், இரண்டு விதவைகள், திட்டமிட்ட செயல் என்று அடுக்கினார். பிறகு ஷாகுல் சார் எழுந்து அந்தக் கட்டைத் திறந்தார். இரண்டு நீதிபதிகளில் ஒருவர் பெண். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுத் தமிழ் மூலத்தையே புரட்டினார். புரட்டிக்கொண்டே வந்தவர், “இது மனுவா, கல்யாணப் பத்திரிகையா?” என்று வாய்விட்டே படித்தார். கோர்ட் முழுக்கச் சிரிப்பு. எழுதினது யார் என்று கேட்டார். ஷாகுல் சார் நின்ற இடத்தில் இருந்தே கையை நீட்டி என்னைக் காட்டினார். நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்கள், விசாரணை முடியும் வரைக்கும் நின்றேன்.

பிறகு அந்த அம்மா அரசு வக்கீலைப் பார்த்துக் கேட்ட ஒரு கேள்விதான் கேள்வி. தூக்குக்குக் காத்திருக்கிற ஒருவர், தனக்கென்று ஒன்றும் கேட்காமல், முகம் தெரியாத யாரோ திட்டத் திட்ட, பதினாலு மாதத்தில் ஒன்றில் இருந்து ஏழுக்கு வந்திருக்கிறார். இவர் இனித் திருந்த வழியே இல்லை என்று அரசு சொல்கிறதா? கொலைக்கு அது பதிலாகாது, அம்மா என்றார் அரசு வக்கீல். ஆகாது, அதனால்தான் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்றார் அந்த அம்மா.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு. தூக்கு இல்லை, ஆயுள். இருபது வருஷத்துக்கு முன்விடுதலை கேட்க முடியாது. சங்கையா திருமங்கலத்திலேயே இறங்கிவிட்டார் அக்கா. விருதுநகர், சாத்தூர் ஒன்றும் வேண்டாம். நாங்கள் ஆபீஸில் லட்டு சாப்பிட்டோம். ஷாகுல் சார் என் தட்டில் இரண்டு வைத்தார்.

என் ஆதங்கம் என்னவென்றால், எழுபது பக்கத் தீர்ப்பில் என் நாற்பத்தோரு பக்கத்தில் இருந்து ஒரு வரி கிடையாது. ஒரு வரி! என் பேர்கூட இல்லை. ‘ஒரு சட்டக் கல்லூரி மாணவியின் சற்றே கடுமையான குறிப்புகள்’ என்று இருக்கிறது. சற்றே கடுமையான! வாழ்வுரிமையைப் பற்றி நான் எழுதியதைத் தள்ளிவிட்டு, பல்வலியைப் பற்றி எழுதியதை எடுத்துக்கொண்டார்கள். நம் நீதி முறையின் லட்சணம் இது.

விசாரணை முடிந்த அன்று கோர்ட் வராந்தாவில் ஒரு அம்மாள் என்னைத் தேடி வந்தார். பேச்சியம்மாள், செத்துப்போன மூத்தவரின் மனைவி. கையில் சோற்று டப்பா, விடியற்காலையில் கிளம்பி வந்தவர். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நானும் தயாரானேன். பாதிக்கப்பட்டவர் தரப்புக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பதினைந்தாம் பக்கத்தில் எழுதியே வைத்திருந்தேன். அவர் சத்தமே போடவில்லை. “ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கானாமே. எங்க வீட்டுக்கு ஒரு வரி எழுதணும்னு அவனுக்குத் தோணலையா?” என்று மட்டும் கேட்டார்.

கட்டைப் பிரித்துப் பதினைந்தாம் பக்கத்தை எடுத்தேன். அதில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

சரி, அதை விடுங்கள். சண்டைக்கு வருகிறேன். தீர்ப்பு வந்த பிறகு ஷாகுல் சார் என்ன செய்தார் தெரியுமா? கட்சிக்காரருக்கு எல்லா நகலும் போக வேண்டும் என்று என் நாற்பத்தோரு பக்கத்தையும் சேர்த்து ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார். போன வாரம் திரும்பி வந்தது. இதோ பாருங்கள், முதல் பக்கத்து மூலையில். நீலப் பென்சில். 4/10. கீழே படிக்கிறேன், கேளுங்கள். ‘கேட்பது என்ன என்பது முதல் வரியில் இல்லை. என் பேர் பதினேழாம் பக்கத்தில்தான் வருகிறது. சூரியன் நிறைய இருக்கிறது டீச்சர்.’

நாலு! நானே அவருக்கு ஏழு கொடுத்திருக்கிறேன். இதில் எங்கே சூரியன்? நான் ஒரு இடத்தில்கூடச் சூரியன் என்று எழுதவில்லை. ‘மனித நாகரிகத்தின் விடியல்’ என்று இரண்டு இடத்தில் இருக்கிறது, அது வேறு. இதை விட முடியாது. மேலே போகலாம் என்றால் அவருக்கு மேலே யாரும் இல்லை. அதனால் சீராய்வுதான். மார்க் போட்டவரிடமே போய், கோர்ட்டைத் திறந்து வைத்து, என்னைப் பேசவிட்டு, இன்னொரு தடவை பாருங்கள் என்று கேட்கப் போகிறேன். குறைந்தது ஆறு கொடுத்தாக வேண்டும். பார்க்கத் தருகிற நேரம் கொஞ்சம்தான். அதற்குள் பேச்சியம்மாள் சொன்னதையும் சொல்லியாக வேண்டும். எதில் ஆரம்பிப்பது என்று மாட்டுத்தாவணியில் இருந்து மனசுக்குள் உருட்டிக்கொண்டே வருகிறேன், ஆரம்பம் வரவே இல்லை. மார்க்கில் ஆரம்பித்தால் சுலபமாக இருக்கும்.

அட, ஊர் வந்துவிட்டதே. மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. நீங்கள் எங்கே அக்கா இறங்க வேண்டும்?

என்னது?

ஜெயில் ஸ்டாப்பா? ஏறும்போது கேட்க வந்தது இதைத்தானா? ஜெயிலுக்கு எங்கே இறங்க வேண்டும் என்றா? சாத்தூரில் வாயைத் திறந்தீர்களே, அப்போதும் இதேதானா? என்னக்கா நீங்கள், கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டாமா?

தம்பியா? எத்தனை மாதமாக? இல்லை, என்ன வழக்கு என்று கேட்கவில்லை. பதற்றப்படாதீர்கள், நானும் அங்கேதான் இறங்குகிறேன், வாசலில் மனு எழுதிக் கொடுக்க வேண்டும், சேர்ந்தே கொடுப்போம். கடிதம் போட்டிருக்கிறாரா? கொடுங்கள், எந்தப் பிளாக் என்று எழுதியிருக்கிறாரா பார்க்கிறேன்.

‘அக்கா, என் எட்டாவது சர்டிபிகேட் வேண்டும். இங்கிருந்தே பத்தாவது எழுதப் போகிறேன். 18ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். பீரோவில் அம்மா சேலைக்கு அடியில் இருக்கிறது.’

அவ்வளவுதானா? அவ்வளவுதான். பைக்குள் அணைத்துக்கொண்டே வந்தது அந்த சர்டிபிகேட்டைத்தானா? நான் வேறு, கொலை என்றதும் பயந்துவிட்டீர்கள் என்று…

அக்கா, இந்த மூலையில் பார்த்தீர்களா? நீலப் பென்சில். 8/10. அறை நம்பர் என்று நினைத்துக்கொண்டீர்களா? அது இல்லை. அது மார்க்.

எட்டு! எனக்கு நாலு, இதற்கு எட்டு. பொறுங்கள், சிவப்புப் பேனா இங்கேதான் எங்கேயோ… கேட்பது முதல் வரியில் இருக்கிறது. தேதி இருக்கிறது. எங்கே தேட வேண்டும் என்றுகூட இருக்கிறது. இல்லை அக்கா, எதுவும் எழுதவில்லை, மூடியைக்கூடத் திறக்கவில்லை. சரியாகத்தான் போட்டிருக்கிறார். இந்தாருங்கள், பத்திரமாக வையுங்கள்.

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார், வாருங்கள். படி உயரம், பார்த்து இறங்குங்கள். இங்கிருந்து வாசல் வரைக்கும் பத்து நிமிஷ நடை. தம்பியைப் பற்றி நீங்கள் சொல்லிக்கொண்டே வாருங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். எனக்கும் முதல் வரி கிடைத்துவிட்டது. ‘பேச்சியம்மாள் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.’ மார்க்கை இரண்டாவது வரியில் கேட்டுக்கொள்கிறேன்.